இதே நடையில் எழுத ஆள் தேவை

கிசுமுவில் இரவு பதினொன்று ஆகும்போது
மினசோட்டாவில் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும்.
கை கழுவிய ஈரத்தோடுதான் அவர்கள் விளம்பரம் போடுவது.
அதற்குள் பிள்ளைகள் தூங்கியிருக்க வேண்டும்,
மின்சார மீட்டரில் முப்பது ஷில்லிங்காவது மிச்சம் இருக்க வேண்டும்,
மன்யாட்டாவின் நாய்கள் ஒரு சுற்றுக் குரைத்து
ஓய்ந்திருக்க வேண்டும்.

ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு நாணயம் பிடித்துக்கொள்வார்கள்.
என்னிடம் பதினொன்று.
ஆகவே மீன் வாங்குவதுபோல்தான் வேலை தேடுகிறேன்,
செவுளைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, முகர்ந்து.
"சோதனைக்கு ஐந்து கட்டுரை, இலவசமாக."
அழுகல்.
"ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால் நலம்."
என் தாய் என்னை எந்த மொழியில் திட்டினால் இவர்களுக்கென்ன?
தள்ளு.

"பனி அள்ளும் வாரிகளைப் பற்றி எழுத ஆள் தேவை.
சொல்லுக்கு ஒன்றரை சென்ட்.
இதே நடையில்.
மாதிரிக்கு ஒன்று இணைத்திருக்கிறோம்."

திறந்தேன்.
மார்லீன் ஹால்வர்சன் என்று பெயர்,
நரைத்த தலை, சிவப்புக் கம்பளிக் குல்லா,
டுலூத்தில் நாற்பது குளிர்காலம் கண்டவராம்.
மூன்றாம் பத்தியில் மஞ்சள் பூசியிருந்தார்கள்:
"ஈரப்பனி எளிதில் வராது. பாதி வெந்த ஓட்ஸ் கஞ்சிபோல்
வாரியைப் பிடித்துக்கொண்டு வழக்காடும்."
ஓரத்தில் குறிப்பு:
அனுபவித்தவர் எழுதினால்தான் இப்படி வரும்.

வரும்.
இரண்டு வருடத்துக்கு முன் அதை எழுதிய மத்தியானம்
ஒபுயாவின் மீன்கடை ஐஸ் பெட்டிக்குள்
முழங்கை வரை கையை விட்டு
உள்சுவரில் படிந்ததைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
"அவுவோர், என்ன தேடுகிறாய்?"
"அமெரிக்கா."
மூடி திறந்திருந்த நேரத்துக்கு மின்கட்டணம் கேட்டான்.
விளையாட்டுக்குத்தான். ஆனாலும் கேட்டான்.
அன்றிரவு உகாலி கிளறும்போது துடுப்பு நடுவில் சிக்கி நின்றது.
அந்த வரி அடுப்படியில் கிடைத்தது.
உகாலி என்றால் மினசோட்டாவுக்கு விளங்காதே என்று
ஓட்ஸ் கஞ்சி ஆக்கினேன்.
எண்ணூறு ஷில்லிங்குக்கு விற்றேன்;
பெயர் போடும் இடமும் அதில் சேர்த்தி.

சரி, நம் கைதானே.
"மாதிரியின் நடை எனக்கு நன்றாகப் பழக்கம்"
என்று மட்டும் எழுதினேன்.
அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும்
பழைய ஒப்பந்தம் விடாது.
அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று நானூறு சொல்,
மடிக்கணினி சூட்டில் தொடை வேகவேக எழுதி
மீட்டர் அணைவதற்குள் அனுப்பினேன்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் பதில் வந்தது:
"முப்பத்தொரு விழுக்காடு ஒத்துப்போகிறது என்கிறது
எங்கள் பரிசோதனை.
மார்லீனின் எழுத்தைத் திருடியிருக்கிறீர்கள்.
உங்கள் சொந்தக் குரலைக் கண்டுபிடியுங்கள்.
வாழ்த்துகள்."

கோபம்தான் வந்திருக்க வேண்டும்.
கடைக்குப் போய் ஒபுயாவிடம் சொன்னேன்.
யார் யாரிடம் திருடியது என்று நாலுமுறை கேட்டான்.
விளங்கியதும் ஒமேனா கருவாட்டை அளந்து போட்டு
மேலே ஒரு கை அள்ளிப் போட்டான்,
"இது மார்லீனுக்கு."
வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.
வீட்டு வாசலில் சிரிப்பு நின்றுவிட்டது.
அந்த எண்ணூறில் வாங்கிய பள்ளிக் காலணி
அவினோவுக்குச் சின்னதாகி ஒகுட்டுவிடம் வந்து
இப்போது அவன் பெருவிரலும் இடிக்கிறது.

மீதம் ஒன்பது நாணயம்.
நாய்களுக்கான குளிர்கால மேலங்கி பற்றி எழுத வேண்டுமாம்.

வெளியே, பக்கத்து வீட்டுச் செம்பழுப்பு நாய்
குழியில் படுத்திருந்தது, நல்ல வெயிலில்.
என் போர்வையை எடுத்துப் போய் அதன்மேல் போட்டேன்.
ஒருமுறை என்னைப் பார்த்தது.
பின்னங்காலால் உதறிவிட்டு எழுந்து
அடுத்த வாசலில் போய்ப் படுத்தது.

குறித்துக்கொண்டேன்:
பின்னங்காலால்.